முகத்துவாரத்தில் ஒரு ஸ்தோத்திரம்

மதியத்துக்குமேல் வாடைக்காற்று எழும்பிவிட்டது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மணல்திட்டின் மேல் அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தன. கடலுக்குப் போன படகுகள் தட்டுத்தடுமாறி அதைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. கோட்டைக்குப்பத்துப் பெண்கள் கரையில் நின்றிருந்தார்கள்.

சாலமனின் ஃபைபர் படகு உள்ளே வந்ததும் அவன் மனைவி சுதா மணலில் மண்டியிட்டாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னாள். நிமிர்ந்தபோதுதான் பக்கத்து வீட்டு லோகநாயகியின் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவன் ராஜவேலுவும் கொழுந்தனும் போன படகு இன்னும் வரவில்லை. எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டு நின்றிருந்த லோகநாயகி மெல்லச் சொன்னாள்:

"உன் சாமி உன் ஆளைக் கொண்டாந்து உட்டுச்சு. எங்காளு இன்னா பாவம் பண்ணாரு?"

சற்றுமுன் சொன்ன நன்றி சுதாவையே முள்ளாய்க் குத்தியது.

அது சாலமன் காதிலும் விழுந்தது. திட்டுக்கு அப்பால் இன்ஜின் நின்றுபோன ஒரு படகு அலைக்கழிவதைத் தூரத்தில் பார்த்ததாகவும், யாருடையது என்று தெரியவில்லை என்றும் சொன்னான். போலீசுக்கு போன் போட்டவர்கள், போலீஸ் வந்து சேர நேரமாகும் என்றார்கள். காற்று தணியட்டும் என்றார்கள் பெரியவர்கள். சாலமன் யாரையும் பார்க்காமல் நீளமான கயிறு ஒன்று கேட்டு வாங்கினான். கூட்டாளி பிரதாப் மறுபேச்சில்லாமல் படகில் ஏறினான்.

சுதா ஓடிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான ஆண்டவரு உன்னத் திருப்பிக் குடுத்தாரு. மறுபடியும் போறேன்ற?"

"குடுத்தாரு இல்ல? இன்னாத்துக்குக் குடுத்தாரு, பொத்தி வச்சிக்கவா?" என்றான் சாலமன். சொல்லிக்கொண்டே கயிற்றின் நுனியைப் படகில் இறுக்கிக் கட்டினான்.

பிடியை விட்டாள். பிறகு அவளே தோள்கொடுத்துப் படகைத் தள்ளினாள்.

திட்டருகே படகு செங்குத்தாய் ஏறியது. வெள்ளை நுரை மூடியது. அதன்பின் எதுவும் தெரியவில்லை. லோகநாயகியின் கை வந்து சுதாவின் கையைப் பற்றிக்கொண்டது. சுதா மன்றாட நினைத்தாள். கேட்பதற்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அவனோடு வாழ்ந்த வருஷங்கள், காலையில் அவன் சிரித்தது, தன் கைக்குள் இருக்கும் இந்த ஈரக் கை, எல்லாவற்றுக்கும் நன்றி என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பயம் போகவில்லை. பயத்துக்கு நடுவிலேயே, ஆண்டவர் தன் பக்கத்தில் நிற்கிறார் என்ற மகிழ்ச்சி ஊறியது. அவளுக்கே அது வியப்பாயிருந்தது.

வெகுநேரம் கழித்து இன்ஜின் சத்தம் கேட்டது. படகு நுரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிரதாப் சுக்கானில் இருந்தான். சாலமன் குனிந்து யாரையோ அணைத்துப் பிடித்திருந்தான். அது ராஜவேலு, ஒரு கை முறிந்து தொங்கியது. அவருடைய தம்பி தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் படகு திட்டில் மோதி உடைந்துபோயிருந்தது.

லோகநாயகி இடுப்பளவு நீரில் இறங்கி ஓடினாள். ராஜவேலுவை ஆட்டோவில் ஏற்றும்போது அவள் திரும்பி வந்து சுதாவின் முன் நின்றாள்.

"உன் சாமிக்கு நான் இன்னா செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் வாணாங்க்கா. நீ சந்தோசமா இரு. அவருக்கும் அதான் சந்தோசம்."

லோகநாயகி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஆட்டோவில் ஏறி, கணவனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.