முத்திரை அடையில் இருக்கிறது

எங்கள் ஏழுவீட்டூரில் ஒரு குளிர்காலத்தில் ஊர்க் குழுவின் முத்திரைகள் மூன்றும் குஞ்சு பொரித்தன. அடைகாத்தது தலைவர் தெங் வான்ஷான் வீட்டுச் சிவப்புக் கோழி. அதே மாதம் மக்காச்சோள விலை இறங்கி மண்ணெண்ணெய் விலை ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது மண்ணெண்ணெயைப் பற்றித்தான்.

கோடையில் கோழி அடைக்குப் படுத்தால் அது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. கிணற்றுத் தண்ணீரில் இரண்டு முக்கு முக்கி, வாலில் சிவப்புத் துணியைக் கட்டி விரட்டிவிட்டால் அடை தெளிந்து மறுபடி முட்டையிட வந்துவிடும். ஆனால் ஆறு கல்லாக உறைந்து, துப்பிய எச்சில் தரையில் உருண்டோடுகிற மாதத்தில் எந்தக் கோழியையும் முக்க முடியாது. முந்தின வருஷம் தலைவரின் மனைவி லான்யிங் முக்கிப் பார்த்தாள். அந்தக் கோழி முற்றத்தில் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே உறைந்து நின்றுவிட்டது. பனி உருகும்வரை அவள் அதன் மேல் துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தாள். வசந்தம் வந்ததும் அது தூக்கிய காலைக் கீழே வைத்து நடந்து போனது, ஆனால் அதற்கப்புறம் முட்டையே இடவில்லை. அதனால் இந்தச் சிவப்புக் கோழி கேற ஆரம்பித்தபோது லான்யிங் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. மூக்கில் இறகைச் செருகினாள், கூடையைக் கவிழ்த்தாள், காதருகே தகரத்தைத் தட்டினாள். தகரத்தில்தான் பள்ளம் விழுந்தது.

முட்டை ஒன்றும் இல்லாததால் கோழி வேறு இடம் தேடியது. அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் செங்கல் மேடையில்தான் எங்கள் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம். அதன் சூடான மூலையில் தலைவர் தன் நாய்த்தோல் தொப்பியை மல்லாத்தி வைத்து, அதற்குள் ஊர்க் குழு முத்திரை, ஊர்க்காவல் படை முத்திரை, மகளிர் அணி முத்திரை மூன்றையும் சிவப்பு மைச் சிமிழோடு போட்டு வைத்திருந்தார். வெளியே வைத்தால் மை உறைந்துவிடும். ஒரு நாள் அவர் மதியத் தூக்கம் கலைந்து பார்த்தபோது தொப்பிக்குள் கோழி இருந்தது. கையை விட்டார். கட்டை விரலில் சதை போயிற்று.

அன்றிலிருந்து ஊரில் எந்தக் காகிதமும் நகரவில்லை. தானியம் விற்கச் சீட்டு கேட்டு வந்தவர்களிடம் தலைவர், கட்டுப்போட்ட விரலைக் காட்டி, "முத்திரை அடையில இருக்கு, அப்புறம் வாங்க" என்றார். கோழியை அறுத்துச் சூப்பு வைக்க அவர் சொன்னபோது, "அது என்னோட கோழி, உப்பும் நூலும் அது முட்டையிலதான் வாங்கறேன். முதல்ல உங்களை வைக்கறேன் சூப்பு" என்றாள் லான்யிங். அவர் ஆற்றுப் பனிக்கட்டி ஒன்றை உடைத்து வந்து கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அது வெந்நீராகி வழிந்தது. வீணாக்க வேண்டாமென்று அதில் தேயிலையைப் போட்டுக் குடித்தார்.

இதில் அதிகம் நஷ்டப்பட்டவள் ஷூச்சின். தலைவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. அண்ணன் வீட்டுக் கோழி, பன்றி, முட்டைக்கோஸ் ஊறுகாய்ச் சால் எல்லாம் சம்பளம் இல்லாமல் அவள் கையில்தான். ஆற்றுக்கு அக்கரையில் பாய் சாங்ஹாய் என்று ஒருவன் இருந்தான். சைக்கிள் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பன்றிக்குக் காயடிக்கிறவன். அவனைக் கண்டால் பன்றிகள் ஓடின, ஷூச்சின் நின்றாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள ஊர்க் குழுவின் முத்திரை வேண்டும். கோழி அடைக்குப் படுப்பதற்கு முன்பே அவள் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"அண்ணே, இதுல ஒரு குத்து குத்திக் குடுத்தீங்கன்னா நான் என் வழியைப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்."

"எங்க போவ? காயடிக்கிறவன் வீட்டுக்கா? என் தம்பி படுத்த படுக்கையில அவனா?"

"உங்க தம்பி போயி ஆறு வருஷமாச்சு. படுக்கை நைஞ்சு அடுப்புக்குப் போயிருச்சு."

"தெங் வீட்டுப் பேரு என்னாகிறது?"

"பேரை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு என் போர்வை போதும்."

அவர் தொப்பியை மூடி வைத்தார். இப்போது அதே தொப்பிக்காக அவளிடம் கெஞ்ச வேண்டி வந்தது, ஏனென்றால் அந்தக் கோழி கொத்தாமல் விட்டது அவள் கையை மட்டும்தான். "எடுத்துக் குடு ஷூச்சின், முதல் குத்து உனக்குத்தான்" என்றார். பொய் சொல்லவில்லை. சீட்டு கேட்பவர்கள் வாசலில் வரிசை கட்டி அவரைத் தூங்கவிடாமல் செய்திருந்தார்கள்.

ஷூச்சின் கையை உள்ளே விட்டாள். முத்திரை கைக்குள் வந்தது. சூடாக இருந்தது. உள்ளே இருந்து ஏதோ அவள் விரலைத் தட்டியது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தட்டியது. அவளுக்கும் செத்துப்போன புருஷனுக்கும் குழந்தை இல்லை. அப்படி ஒரு தட்டலுக்காக அவள் எத்தனையோ வருஷம் தன் வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தவள். முத்திரையைப் பழையபடி வைத்து, இறக்கையை இழுத்து மூடி, "இன்னும் பக்குவமாகல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இக்கரைக்கு வந்த சாங்ஹாயிடம் சொன்னபோது அவன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "கைக்கு வந்ததை விட்டுட்டியா?" என்றான்.

"தட்டுதுய்யா. எப்படி வெளியில எடுக்கறது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "என் தொழில்ல எத்தனையோ வம்சத்தை முடிச்சு விட்டாச்சு. இது ஒண்ணாவது பொரிஞ்சு வரட்டும்" என்றான்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது மூன்றும் பொரிந்தன. மரப்பிடிகள் உடைத்த பருப்புப் போல இரண்டிரண்டாகப் பிளந்து கிடந்தன, மைச் சிமிழ் காலி. குஞ்சுகள் மஞ்சளாக, மற்றக் குஞ்சுகளைப் போலத்தான் இருந்தன. உள்ளங்கால்தான் சிவப்பு. ஊர்க்காவல் படைக் குஞ்சு அன்றே நாயைத் துரத்தியது. மகளிர் அணிக் குஞ்சு எல்லாக் கூட்டத்துக்கும் முதலில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தது. ஊர்க் குழுக் குஞ்சு நடந்த இடமெல்லாம் நடுவில் நட்சத்திரமும் சுற்றி ஊர்ப் பெயருமாக முழு வட்ட முத்திரை விழுந்தது. பிசைந்த மாவில் விழுந்தது, பன்றியின் முதுகில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த தலைவரின் வழுக்கையில் ஏறி இறங்கி அவரையும் அங்கீகரித்தது. கையில் பிடித்து அழுத்தினால் மட்டும் ஒன்றும் விழவில்லை. தானாக நடக்க வேண்டும்.

ஷூச்சின் தன் காகிதத்தை மேடையில் விரித்து வைத்தாள். வாசலில் நின்ற கூட்டம் உள்ளே வந்து நின்றது. குஞ்சு வந்தது, காகிதத்தின் ஓரத்தைக் கொத்திப் பார்த்தது, சுற்றிப் போனது. மறுநாளும் அப்படியே. தலைவர் கற்கண்டைக் கடித்துக்கொண்டு, "பாத்தியா, அதுக்கும் குடும்ப கவுரவம் தெரியுது" என்றார். யாரோ சிரித்தார்கள். ஷூச்சின் சிரித்தவன் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள், போர்வையைச் சுருட்டித் தோளில் வைத்தாள், கதவைத் திறந்தாள்.

"காகிதம் இல்லாம எங்கடி போற?"

"கால் இருக்குல்ல அண்ணே."

ஆற்றங்கரையில் மட்டும் நின்றாள். அவள் புருஷன் குதிரை வண்டியோடு பனிக்கட்டி உடைந்து உள்ளே போனது அங்கேதான். அதற்கப்புறம் அவள் அந்த ஆற்றை நடந்து கடந்ததில்லை. சாங்ஹாய்தான் எப்போதும் இக்கரைக்கு வருவான். ஒரு காலை வைத்தாள். பனிக்கட்டி அடியில் எங்கோ முனகியது. இன்னொரு காலை வைத்தாள். பின்னால் சின்னதாக ஒரு கீச்சுக் கேட்டதும் திரும்பினாள். குஞ்சு வந்துகொண்டிருந்தது. அது கால் வைத்த இடத்தில் பனி லேசாக உருகிச் சிவந்து வட்டமாக உறைந்தது. வீட்டு வாசலிலிருந்து கரைவரை வரிசையாக முத்திரை. அவள் நடந்தாள், அதுவும் நடந்தது. அக்கரையில் சாங்ஹாய் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். ஊரே கரையில் நின்று பார்த்தது. தலைவர் தொப்பி இல்லாமல், தலை முத்திரையோடு நின்றார். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஊறுகாய்ச் சாலுக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டார். அவள் காதில் விழவில்லை.

திருமணம் பதிகிற எழுத்தர் அக்கரையிலிருந்து இக்கரைவரை குனிந்தபடியே நடந்து ஒவ்வொரு வட்டமாகச் சரிபார்த்தார். "காகிதத்துல இருக்கணும்னுதான் சட்டம்" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பனியும் வெள்ளையாத்தான் இருக்கு" என்று பதிந்துவிட்டார்.

வசந்தத்தில் ஆறு உடைந்தபோது முத்திரை குத்திய பனிக்கட்டிகள் மிதந்து போயின. ஆற்றின் கீழ்ப் பக்கத்து ஊர்களில் அவற்றைப் பிடித்து என்னென்னவோ அனுமதி வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. குஞ்சு சாங்ஹாய் வீட்டிலேயே வளர்ந்து பெட்டையாயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் படகில் போய், காகிதங்களை அவன் முற்றத்தில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உரத்துக்குச் சீட்டு வேண்டி தலைவரும் ஒரு நாள் வந்தார். ஷூச்சின் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். வயிறு ஏழு மாதம். "உக்காருங்க அண்ணே, அது எப்ப வரும்னு எனக்கும் தெரியாது" என்றாள். அவர் உட்கார்ந்தார். சிலருக்கு விழுந்தது, சிலருக்கு விழவில்லை. முன்பும் அப்படித்தான் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. மழை நாட்களில் முற்றம் சேறாகிக் கோழி வெளியே வராது என்பதால், எங்கள் ஊரில் வேலையுள்ளவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.