தேநீர்க் கெண்டிக்கு வந்த போட்டி

வசந்தத்தில் வரும் நோரூஸ் பண்டிகையில் எங்கள் தெரு மருமகள்களுக்கும் ஊரின் கல்யாணமாகாத பெண்களுக்கும் வாலிபால் ஆட்டம் என்று குல்சுன் எஜே வந்து சொன்னபோது, நான் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எஜே என்றால் அக்கா; குல்சுன் என் கணவனின் அண்ணன் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான்.

"உன் பேரக் குடுத்துட்டேன் பெரிசாத். வலைகிட்ட நீதான். போன வருஷம் அந்தப் பொண்ணுங்க நம்மளத் தோக்கடிச்சு, ஊர் முழுக்க சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளுங்க. என்ன, பேச்சையே காணோம், வாயில போர்சோக் ரொட்டியா?"

"இல்ல எஜே. ஆடறேன்."

ஆடறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நான் வலையருகில் நிற்பவள். ஓடிவந்து எழும்பி, உடம்பு காற்றில் ஒரு நொடி நிற்கும்போது எந்தச் சத்தமும் கேட்காது. வயிற்றில் மகன் இருந்த மாதங்களில் நான் ஏங்கியது அந்த ஒரு நொடிக்குத்தான். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து நான் இருமினால் உள்ளாடை நனைந்தது. சிரித்தால் நனைந்தது. வாசல் வாய்க்காலைத் தாண்டினால் வீட்டுக்குத் திரும்பி உடை மாற்ற வேண்டியிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பள்ளி விளையாட்டுக் கூடத்தின் நடுவில் நான் எப்படி எழும்புவேன்?

கொடியில் காயும் என் துணிகளைப் பார்த்து அபாவே கண்டுபிடித்துவிட்டார். என் மாமியார் அவர். "குளிர் இறங்கிடுச்சு மகளே" என்றார். எங்கள் ஊரில் பிரசவித்தவளுக்கு எது வந்தாலும் குளிர்தான் காரணம். ஒட்டக ரோமப் போர்வையை என் இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அடுப்பு மேடையை ஒட்டி உட்காரவைத்து, ஆட்டுக்கொழுப்பு மிதக்கும் சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கவைத்தார். வேர்த்துக் கொட்டியது. கன்னம் உப்பியது. நின்றிருக்க வேண்டியது மட்டும் நிற்கவில்லை.

மகனுக்குத் தடுப்பூசி போட ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போனபோது அசில்கான் இருந்தாள். பள்ளியில் எனக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவள். இப்போது இந்த ஊரின் பிரசவத் தாதி, எங்கள் தெருவுக்கே மருமகளாகவும் வந்துவிட்டாள். ஊசி போட்டு முடித்து, மகன் அழுது ஓய்ந்து, அவள் கை கழுவித் துடைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவளும் என்னவென்று கேட்கவில்லை. எதிரில் வந்து சும்மா உட்கார்ந்தாள். அதனால்தான் சொல்ல முடிந்தது.

"குளிருமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தாள். "அடியில தாங்கற சதை தளர்ந்திருக்கு. அவ்வளவு பெரிய தலை வந்த வழிதானே. மூத்திரத்தப் பாதியில அடக்கற மாதிரி உள்ளுக்கு இழு, பிடி, அப்புறம் முழுசா விடு. ஒரு நாளைக்குப் பல தடவ. தினமும் நட. கொழுப்பு சூப்பக் கொற, கேரட்டும் பீட்ரூட்டும் தின்னு, தண்ணி குடி. மலச்சிக்கல் வந்து முக்கினா இன்னும் கெட்டுடும். நான் சொல்ற வரைக்கும் குதிக்காத."

"எப்படி செய்யறது? எங்க வீட்ல என்னைத் தனியா விட்டாத்தானே. பிள்ளையப் பாக்க தெனம் ஆள் வருது. டீ ஊத்தியே கை போகுது."

அவள் என்னைப் பார்த்தாள். கண் மின்னியது.

"மரியாதைக்குப் பாதிப் பாதிக் கிண்ணமாத்தானே ஊத்துவே? அப்ப ஒரு ஆளுக்கு ஏழெட்டுத் தடவ. ஊத்தும்போது பிடி, கிண்ணத்த நீட்டும்போது விடு. மூச்ச மட்டும் அடக்காத. மூஞ்சியில காட்டிடாதடி."

அன்று சாயங்காலமே நாரின் நகரத்திலிருந்து அபாவின் தம்பி குடும்பம் வந்து இறங்கியது. வழக்கமாக மனம் சோர்ந்துபோகும். அன்று நான் வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில் ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஊற்றினேன், பிடித்தேன். நீட்டினேன், விட்டேன். முதலில் எதைப் பிடிக்கிறேன் என்றே தெரியவில்லை. தொடை இறுகியது, பல் இறுகியது.

"மருமகளுக்கு ஏதோ கோவம் போல" என்றார் விருந்தாளி.

"அவ அப்படித்தான், யோசிக்கற பொண்ணு" என்றார் அபா.

பனி கனத்த மாதங்கள் அப்படியே போயின. காலையில் மகனைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஆறு வரை நடந்தேன். குளிரில் அலைகிறேனே என்று அபா வாசலில் நின்று முணுமுணுப்பார். சூப்பில் கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் கேரட்டைத் தேடி எடுத்தேன். ஆள் வராத நாளில் எனக்கு என்னவோ போல் இருந்தது. "யாரையாவது டீக்குக் கூப்பிடலாமா அபா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அபா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு காலை, சாமான் அறையில் மாவு சலிக்கும்போது தும்மல் வந்தது. தும்மினேன். அசையாமல் நின்றேன். எதுவும் ஆகவில்லை. நம்பிக்கை வராமல் மிளகுப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். அடுத்தடுத்துத் தும்மல்கள். எதுவும் ஆகவில்லை. கண்ணில் நீர் வழிய, அந்தச் சாமான் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மிளகுப் பொடிய மோந்து மோந்து சிரிக்கறா. முழுசாக் கழண்டுடுச்சு" என்றாள் வாசலில் குல்சுன் எஜே.

சொல்லிவிட்டேன். குளிர் இல்லை என்பது, சதை, கெண்டி, கிண்ணம் எல்லாம். எஜே எதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருப்பவள். அன்று மாவுச் சல்லடையை எடுத்தாள், திருப்பி வைத்தாள்.

"மூணாவது பிறந்ததிலேர்ந்து எனக்கும் அப்படித்தான்" என்றாள் கடைசியில். "நான் ஏன் ஆட்டத்துல எப்பவும் பின்னாடியே நிக்கறேன்னு நெனச்சே?"

"முட்டி வலின்னு சொன்னீங்க."

"முட்டியா? முட்டி கல்லு மாதிரி இருக்கு."

மறுநாள் மதியம் விருந்தாளிகள் உட்கார்ந்ததும், எனக்கு முன்னால் எஜே கெண்டியைப் பிடித்துவிட்டாள்.

"நான் ஊத்தறேன்."

"நீங்க பெரியவங்க, உட்காருங்க எஜே. சின்னவ இருக்கும்போது நீங்க ஊத்தலாமா?"

"நேத்து முழுக்க நீதான ஊத்தின? விடு கைய."

கெண்டி இருவர் கையிலும் ஆடியது. ஓர் ஆண்டு முழுக்க இந்த வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டு நழுவியவர்கள் நாங்கள். அபா போர்சோக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அடுத்த வாரத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "என் மருமவளுங்க கெண்டிக்கு அடிச்சுக்கறாளுங்க." யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேரில் பார்க்கவே வந்தார். பார்த்துவிட்டு, தன் மருமகளையும் கற்றுக்கொள்ள அனுப்பிவைத்தார். அவளுக்கும் கற்றுக்கொடுத்தோம்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் அசில்கான் மறுபடி பரிசோதித்தாள். "குதிச்சுக்கோ" என்றாள்.

பள்ளியின் விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. சுவரோரப் பெஞ்சில் என் கணவன் மகனைத் தோளில் வைத்திருந்தான். எதிர்ப்பக்கம் அந்தப் பெண்கள் மான்குட்டிகள் போல் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அக்கா, சூப்பு நல்லா எறங்குச்சா?" என்று ஒருத்தி என் இடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

முதல் பந்தை அசில்கான் எனக்குத்தான் தூக்கினாள். ஓடினேன். வலையருகில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பந்து என் முன்னால் விழுந்தது. எங்கள் தெரு மொத்தமும் முனகியது.

"குதிக்காத மகளே, போதும்" என்றார் அபா பெஞ்சிலிருந்து.

அடுத்ததும் எனக்கே வந்தது. எழும்பாமல், நின்றபடியே தட்டி அனுப்பினேன். அவர்கள் திருப்பி அடித்தார்கள். புள்ளிகள் அவர்கள் பக்கம் ஏறிக்கொண்டே போயின. அசில்கான் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "நான் கையால பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றாள். தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

அவள் மறுபடி பந்தைத் தூக்கினாள். உயரமாக, வலையை ஒட்டி, பள்ளி நாட்களில் எனக்குத் தூக்கியது போலவே. ஓடினேன். எழும்பினேன். கூடத்தின் கூச்சல் எல்லாம் நின்றுபோனது. உள்ளங்கையில் பந்து பட்டது. இடுப்பைப் பார்த்துக் கேட்டவளின் காலடியில் போய் விழுந்தது. நானும் இறங்கினேன், இரண்டு காலும் பலகைத் தரையில் அதிர.

சுற்றிலும் கத்தினார்கள். நான் அசையவில்லை. எனக்குள்ளேயே காது கொடுத்து நின்றேன்.

"பெரிசாத்?" என்றாள் குல்சுன் எஜே பின்னாலிருந்து. முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல எஜே" என்றேன். "ஒண்ணுமே இல்ல."

அவள் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கும் சிரிப்பு. அதற்கும் எதுவும் ஆகவில்லை. நடுவர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அடுத்ததும் எனக்கே தூக்குடி" என்றேன் அசில்கானிடம். "இன்னும் உயரமா."