பத்தாவது ஆள்

எங்கள் சபைச் சட்டத்துக்கு ஈவிரக்கம் கிடையாது. வருஷத்தில் ஒரு தடவையாவது அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்த உள்ளூர்க்காரர் பத்துப் பேர் இருந்தால்தான் அது சபை. ஒருவர் குறைந்தாலும் பக்கத்து நகரத்துச் சபையோடு ஒட்டிவிடுவார்கள். அப்புறம் சொந்தப் போதகர் கிடையாது, எல்லாச் சபைகளும் கூடும் பேரவையில் ஓட்டும் கிடையாது.

சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட நார்வே மிஷனரிகள் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவின் இந்த மூலைக்கு வந்து, ஒரு மீன் கிடங்கில் தொடங்கிய லுத்தரன் சபை எங்களுடையது. முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அக்டோபரில் ஒரு அம்மாள் சப்போரோவில் இருக்கும் மகளோடு போய்விட்டாள். பெயர்ப் பதிவேடு என் பொறுப்பு. எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுதான் வந்தது.

பத்தாவதாக ஒருவர் இருக்கத்தான் செய்தார். நண்டுப் படகுக்காரர் கொனுமா. ஞாயிறு தவறாமல் முதல் ஆளாக வந்து கரி அடுப்பை மூட்டுவார். திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போகும்போது மட்டும் அவர் அடுப்பில் கரி போட்டுக்கொண்டு பின்னால் நிற்பார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். காரணம் நான்.

அப்போது எங்கள் சபைகளை இன்னொரு மிஷனின் சபைகளோடு இணைக்கலாமா என்று முடிவெடுக்கப் பேரவை கூடியது. எங்கள் பிரதிநிதி கொனுமா. இணைப்புக்கு ஆதரவாக ஓட்டுப் போடச் சொல்லி அனுப்பினோம். மனுஷன் எந்தப் பக்கமும் கை தூக்காமல் திரும்பி வந்தார். இணைப்பு எப்படியோ நிறைவேறிவிட்டது, ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ‘கொனுமா சபைக்குத் துரோகம் செய்தார்’ என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசித்தேன். தன்மேல் ஒரு சகோதரனுக்கோ சகோதரிக்கோ மனத்தாங்கல் இருக்கும்போது பலிபீடத்துக்கு வரக் கூடாது என்று வேதம் சொல்கிறதே, அதை அவர் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார்.

பத்து என்றே எழுதி அனுப்பிவிடலாமா என்று போதகர் நிஷிகோரியிடம் ஜாடையாகக் கேட்டேன். காது கேளாதவர் மாதிரி எனக்குத் தேநீர் ஊற்றினார். சரி, சட்டப் புத்தகத்தில் சந்து பொந்து ஏதாவது இருக்காதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சந்து கிடைக்கவில்லை. இரண்டு பக்கம் தள்ளி வேறொரு விதி கிடைத்தது: பிரதிநிதி தன் மனச்சாட்சிப்படி ஓட்டளிப்பார், அனுப்பிய சபை அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. ஐயோ! வருஷா வருஷம் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி வைத்தவளே நான்தான். ஒரு நாளாவது திறந்து படித்தேனா?

வெட்கம் பிடுங்கித் தின்றது. சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். கொனுமா கூண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். அந்த விதியையும் என் தப்பையும் சொன்னேன்.

"ஆள் குறையுதுன்னு வந்தீங்களா, கினு அம்மா?"

"அதுக்கும்தாண்ணே. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆள் குறையலேன்னாலும் நான் வந்திருக்கணும்."

"ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. எனக்குக் கை எழும்பல." ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். "நீங்க அதை எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்க."

மறுபடி வலைமேல் குனிந்துகொண்டார்.

மறுநாள் அந்த வருஷத்தின் கடைசித் திருவிருந்து. ஆராதனை தொடங்குமுன் குறிப்பேட்டோடு முன்னால் போய் நின்றேன். பழைய வரியை வாசித்தேன். எழுதியது தப்பு, சட்டம் தெரியாமல் எழுதினேன் என்றேன். பிழை திருத்த எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்: வரியின் மேல் இரண்டு கோடு இழுத்து, என் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுப் பதித்தேன். முத்திரை கோணலாக விழுந்தது. கொனுமா தலை நிமிரவே இல்லை. அவ்வளவுதான், சபை போச்சு என்று நினைத்தேன்.

திருவிருந்துக்குப் போய் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் பலகை கிறீச்சிட்டது. டீசலும் நண்டும் கலந்த வாசனை வந்தது. அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு அடுப்பு அணைந்துபோனது. கரி போடுகிறவர் முன்னால் இருந்தாரே. பத்துப் பேரும் பல் தந்தியடிக்கக் கடைசிப் பாட்டைப் பாடி முடித்தோம்.