பல் மருத்துவரின் ஜன்னலுக்கு வெளியே ஏழு வருடம்

ரப்பர் என்று ஊரெல்லாம் அழைத்த மனிதர் ஐந்துமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் குதித்தார், தரைக்கு வரவில்லை. இரண்டாம் மாடியில், பல் மருத்துவரின் ஜன்னலுக்கு நேர் எதிரே, தலைகீழாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டார். அங்கேயே ஏழு வருடம் இருந்தார்.

தப்பு அவருடைய மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ரப்பர் நடிக்கிற சிரிப்புப் படக் கம்பெனியில் கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர். அந்தக் காலத்துக் கேமராவுக்கு மோட்டார் கிடையாது, ஆள்தான் மோட்டார். நொடிக்கு இரண்டு சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் கம்பெனியில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: எவன் எங்கே விழுந்தாலும் சுற்றுகிறவன் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கை ஆடும். கை ஆடினால் திரையில் ஆள் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறுவான். மச்சான் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார். பதினோரு வருடத்தில் நான்கு பொத்தான்களை விழுங்கியிருந்தார். படம் பார்க்க வந்த ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள, ஒரே வீட்டில் பக்கத்துத் தட்டில் சாப்பிடுகிற ஆள் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தால் எந்தக் கலைஞனுக்குத்தான் பொறுக்கும்? “உங்களைச் சிரிக்க வைக்காம நான் சாக மாட்டேன் மச்சான்” என்றார் ரப்பர் ஒரு நாள். “அப்ப ரொம்ப நாள் இருப்பீங்க மாப்பிள்ளை” என்றார் மச்சான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கீழே நிறுத்தியிருந்த மெத்தை வண்டியை நோக்கி விழுந்துகொண்டிருந்தவர், இரண்டாம் மாடியைக் கடக்கும்போது, உள்ளே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த நோயாளியைப் பார்த்தார். தலைகீழாகவே தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். தேறாது என்பதுபோல் வருத்தத்துடன் உதட்டைப் பிதுக்கினார். மச்சான் சிரித்துவிட்டார். வாயிலிருந்து பொத்தான் தெறித்தது, கை நின்றது, கை நின்றதும் ரப்பரும் நின்றார்.

தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து இழுத்தார்கள். ஒரு செருப்பு மட்டும் கழன்று வந்தது. மச்சான் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் கைப்பிடி தானாக நழுவியது, ரப்பர் ஒரு சாண் இறங்கினார். பதறிப்போய் மறுபடியும் இறுக்கிப் பிடித்தார். சிரித்த குலுக்கலில் உள்ளே படச்சுருள் கிழிந்திருந்தது. மிச்சம் ஒரு மாடிக்குக் காணும், தரைக்குக் காணாது. சுருள் தீர்ந்தால் பாதியில் இருக்கிற ஆள் என்ன ஆவார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தால் வெளிச்சம் புகுந்து படம் வெளுத்துவிடும். கூடவே ஆளும் வெளுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? சாயங்காலம் மெத்தை வண்டிக்காரன் வேறு வேலை இருக்கிறதென்று போய்விட்டான்.

மச்சான் கைப்பிடியோடு தெருமுனையிலேயே நின்றார். தலைக்கு மேல் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். மற்றத் தேவைகளை எப்படிச் சமாளித்தார் என்று கேட்கிறவர்கள் உண்டு. சமாளித்தார். உலகம் அவருக்கு ஒரு கையகலம் ஆகிவிட்டது. நின்றபடி கண் அசந்தால் விரித்த உள்ளங்கைதான் கனவில் வரும். தங்கை காலையில் அண்ணனுக்கு ஊட்டுவாள், பிறகு மாடியேறி, நீளக் காம்புள்ள கரண்டியால் ஜன்னல் வழியே புருஷனுக்கு ஊட்டுவாள். தலைகீழாக இருப்பவருக்குச் சாப்பாடு மேல்நோக்கி ஏற வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கெட்டியாகச் சமைக்கப் பழகிக்கொண்டாள். பல் மருத்துவர் ஆட்சேபிக்கவில்லை. நோயாளிகள் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில் பல் போவதே தெரியாமல் எழுந்து போனார்கள்.

அதற்குள் படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன, கம்பெனியை மூடிவிட்டார்கள். பேசும் படத்தைப் பார்த்துக் காது வலித்து வெளியே வந்தவர்கள் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ரப்பரின் வாய் அசையும், சத்தம் வராது. புருவத்தையும் தொப்பியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தெருவையே சிரிக்க வைத்தார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்?

வழி இல்லாமல் இல்லை. கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றினால் விழுந்தவன் மேலே ஏறுவான். சுற்றுகிற தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மூன்றாம் மாதமே மச்சான் இதைச் சொல்லியனுப்பினார். ரப்பர் முடியாது என்று தலையாட்டினார். பதினான்கு வருடம் குடித்தனம் பண்ணியவள் உதட்டைப் படித்து அண்ணனிடம் வந்து சொன்னாள்: “பின்னால சுத்தினா நீங்க சிரிச்சது இல்லாம போயிடுமாம். உசுரே போனாலும் அத விட மாட்டாராம்.” மச்சானுக்கும் மனம் வரவில்லை. ஆயுசில் சிரித்த ஒரே சிரிப்பு அது. இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சிரிப்பைக் காவல் காத்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒருத்தி தட்டோடு படியேறி இறங்கினாள்.

ஏழாம் வருடம், ஒரு மழை நாள் காலை, அவள் தட்டைத் தெருவில் வைத்தாள்.

“ரெண்டு பேரும் ஆளுக்கொரு எடத்துல மாட்டிக்கிட்டதா பேசிக்கிறீங்க. நான் எங்க மாட்டிக்கிட்டிருக்கேன்னு எவனாச்சும் அண்ணாந்து பாத்தீங்களா?”

அண்ணன் கைமேல் தன் கையை வைத்துப் பின்னோக்கிச் சுற்றினாள். கீழே எங்கோ கிடந்த பொத்தான் துள்ளி வந்து மச்சானின் பற்களுக்கிடையே உட்கார்ந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு தெருவின் நாலா பக்கத்திலிருந்தும் திரும்பி வந்து, மீன்முள்ளைப்போல் அவர் தொண்டையில் இறங்கியது. ரப்பர் கால் முன்னே செல்ல மேலே ஏறி, மொட்டைமாடியில் நின்று, தொப்பியைப் போட்டுக்கொண்டார். கழன்ற செருப்பு மட்டும் திரும்பவில்லை. பிறகு ஐந்து மாடியும் பின்பக்கமாகவே இறங்கி, பின்பக்கமாகவே வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து பல் மருத்துவரிடம் போனவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

“அன்னிக்குச் சிரிச்சீங்கதானே மச்சான்?” என்று சாப்பிட உட்கார்ந்ததும் ரப்பர் கேட்டார்.

“நானா? எப்ப?”

ரப்பர் முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்போதும் ஒவ்வொரு வேளையும் முயற்சி செய்கிறார். சிரிப்பு மச்சானின் வயிற்றில் அப்படியே கிடக்கிறது. ஒருமுறை அவருடைய உதட்டோரம் லேசாக நெளிந்ததற்கே ரப்பர் எடுத்த கவளம் வாய்க்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றுவிட்டது, சாப்பாடு ஆறிப்போனது. அதற்குப் பிறகு அவள் இரண்டு தட்டும் வைக்கும்போது, அண்ணன் தட்டின் ஓரத்தில் ஒரு பொத்தானையும் வைத்துவிடுகிறாள்.