மேனேஜரின் கைக்குட்டை

'எலி' என்று அம்மா செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. காலிங்பெல் அடித்தாலே நெஞ்சு படபடக்கும் ரகம். அன்று சாயங்காலம் கதவைத் திறந்தபோது பாதி உயிர் போய்விட்டது. வாசலில் ஆலை மேனேஜர்.

ஆலையில் தண்ணீர்க் குழாய் ஓட்டையாகி வெடித்துவிட்டது. வெல்டர் ஒழுங்காகப் பற்றவைக்கவில்லை, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். ஒப்புக்கொள்ளாதவள் அம்மா ஒருத்திதான். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷமாக உலோகத்தின் மேல் படியும் கிருமிப் படலத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள். சொந்தக்காரர்கள் 'பாசி டாக்டர்' என்று கிண்டல் செய்வார்கள். கிருமிகள் எஃகின் மேல் கொழகொழவென்று கூரை போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தும். அந்தக் கூரைக்கு அடியில் எஃகு அரித்துப்போகும். அதை நிரூபிக்க, வெல்டிங்கே படாத ஓர் எஃகுத் தகட்டை, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் போகும் தொட்டியில் முன்பிருந்தே மாதக்கணக்கில் தொங்கவிட்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தின் பூட்டை மாற்றப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், தகட்டை அந்தத் தண்ணீரோடு ஒரு ஜாடியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாளை மீட்டிங்கில் முதலாளிகளிடம் காட்ட வேண்டும்.

"கம்பெனிப் பொருளை வீட்டுக்குத் தூக்கிட்டு வரலாமா மேடம்? உங்களுக்கு வேலை இருக்கணுமா வேணாமா?"

"முதல்ல வெல்டருக்கு இருக்கட்டும் சார். என்னோடத அப்புறம் பாத்துக்கலாம்."

எலி அம்மாவின் கையைக் கிள்ளினாள். "குடுத்துடும்மா. கம்பெனி வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"சும்மா இருடி."

மேனேஜர் சாப்பாட்டு மேஜைக்குப் போய், ஜாடியைத் திறந்து தகட்டை உருவினார்.

"ஐயோ, துடைக்காதீங்க!"

துடைத்தே விட்டார். இரண்டு பக்கமும், அழுத்தி, தன் வெள்ளைக் கைக்குட்டையால். "பாருங்க, பளபளன்னு இருக்கு. எங்க உங்க கிருமி?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அந்த ஜாடியின் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுபோனதற்கே எலியிடம் காட்டுக் கத்தல் கத்தியவள். தகட்டைப் பிடுங்கி விளக்கில் காட்டினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஊசி குத்தின மாதிரி ஓட்டை பாருங்க சார். இதுல எங்க வெல்டிங்? கூரையப் பிரிச்சு நீங்களே காட்டிட்டீங்க. அந்தக் கூரை இப்ப உங்க கையில இருக்கு."

மேனேஜர் கைக்குட்டையைப் பார்த்தார். பழுப்பாக, சளி மாதிரி ஒட்டியிருந்தது. சட்டென்று பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

எலி ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், கர்ச்சீப்பக் குடுத்துட்டுப் போங்க."

"நகரு பாப்பா."

"மாட்டேன். கிருமி எல்லாம் அதுலதான் இருக்கு. குடுக்கலன்னா கத்துவேன். மாடியிலதான் வெல்டர் அண்ணன் இருக்காரு."

"பொண்ண நல்லாத்தான் வளத்திருக்கீங்க!"

"நானே இப்பத்தான் சார் பாக்கறேன்," என்றாள் அம்மா.

மேனேஜர் கைக்குட்டையைத் தரையில் வீசினார். "நாளையோட உங்க கதை முடிஞ்சுது மேடம்."

"அத மீட்டிங்ல சொல்லுங்க. கேக்கறதுக்கு வெல்டரையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் போனதும் எலி குனிந்தாள்.

"கையால தொடாதடி! இடுக்கி கொண்டா. காஞ்சா கிருமி செத்துடும், அதுக்குள்ள ஜாடித் தண்ணியிலயே போடணும்."

அப்போதுதான் எலிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இடுக்கியைத் தேடி ஓடினாள்.