தம்பி போகாத திசை

"பிப்ரவரியில் வைல்டபீஸ்ட் குட்டி போடுவதைப் பார்க்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி?" என்று நார்வேக்காரர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். மழையைத் தேடி அலையும் அந்த லட்சக்கணக்கான மாட்டுமுக மான்கள், சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிற என்னிடம் சொல்லிவிட்டா வருகின்றன? எரிச்சலோடு தம்பி லெக்கிஷோனைத் தேடிப் போனேன்.

காலைப் பனிக்குள் அவன் மாடுகள் மிதந்துகொண்டிருந்தன. கோலில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றான்.

"இந்த வருஷம் எந்தப் பக்கம் போக மாட்டே?" என்றேன்.

வருஷா வருஷம் என் பயணத் திட்டமே இந்தக் கேள்விதான். வைல்டபீஸ்ட் குட்டி போட்ட புல்லை மேய்ந்தால் மாட்டுக்குக் கண் மங்கும், பிறகு செத்துவிடும். அவன் தவிர்க்கும் இடத்துக்கு நான் ஆட்களைக் கூட்டிப்போவேன்.

"தெக்கால மழை விழுந்துடுச்சு. நாங்க மேட்டுக்கு ஏறிடுவோம். உன் வெள்ளைக்காரங்கள அங்க கூட்டிட்டுப் போ."

தெற்கே பார்த்தோம். வானம் தரையைத் தொடும் இடத்தில் இளம்பச்சை புகைபோல எழுந்து நின்றது.

"அண்ணே, குட்டி கீழ விழுந்த கொஞ்ச நேரத்துலயே எந்திரிச்சு ஓடுமாமே, நெசமா?"

"ஏன்டா, நீ பாத்ததில்லையா?"

"எங்க பாக்கறது? வெவரம் தெரிஞ்சதுலேருந்து அதுங்களுக்கு முதுகக் காட்டித்தானே நடக்கறேன்."

அவன் குனிந்து தன் டயர் செருப்பைப் பார்த்தான்.

"வண்டில ஒரு எடம் இருக்குமாண்ணே? செருப்ப அங்கயே விட்டுட்டு வந்துடறேன், அந்தப் புல்லு ஒட்டிக்கிட்டு மாட்டுகிட்ட வந்துடக் கூடாதுல்ல."