ஐயாவுக் கிழவருக்கு வாய்க்கரிசி இல்லை

"தாத்தா வாயில அரிசி போடக் கூடாது" என்று அம்சம் சொன்னதும் பறையடித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

பாடை கட்டி, ஐயாவுக் கிழவரைத் தெருவில் கிடத்தியாயிற்று. கூலி உயர்வு கேட்டு அறுப்புக்குப் போகாமல் நின்றுவிட்ட தெரு அது. வீட்டுக்கு வீடு பானை காலி. அப்படியும் ஆளுக்கொரு பிடி என்று கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டு நாகம்மாள் அரை முறம் அரிசி சேர்த்திருந்தாள்.

"என்னாடி பேசுற?" என்றான் அம்சத்தின் அப்பன் உத்திராபதி. "பெத்தவனுக்கு ஒரு பிடி அரிசி போட வக்கில்லாம அனுப்புனான்னு மிராசுதார் வீட்ல சிரிக்கவா?"

"அவருதாம்ப்பா சொன்னாரு. போன வாரம் என் கையப் புடிச்சிக்கிட்டு சத்தியம் வாங்குனாரு."

"ஏன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"ரூவாய்க்குப் படி அரிசின்னு ஓட்டு வாங்குனாங்க. இங்க செத்தவரே வேணாங்குறாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

உத்திராபதி அரிசியை அள்ளிவிட்டான். அம்சம் குறுக்கே போய் நின்றாள். அவன் கை ஓங்கினான்.

"தம்பி, இரு."

நாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் அப்துல் ஹமீது. பர்மா சண்டையில் அவரும் ஐயாவும் ஒரே பட்டாளம்.

"புள்ள சொல்றது சரிதான். அவனுக்கு வாய்க்கரிசி போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"பர்மாவுல ஒரு கிழவி." தலைமாட்டில் உட்கார்ந்தார் பாய். "ஜப்பான்காரன் துரத்துறான், நாங்க பின்வாங்குறோம். வழியில ஒரு ஊரு. அறுத்த நெல்லு களத்துல போர் போட்டுக் கெடக்கு. அவன் கையில சிக்கக் கூடாது, கொளுத்துன்னான் துரை. உங்கப்பன்தான் கொளுத்துனான். அழுதுகிட்டே கொளுத்துனான். அப்ப ஓடியாந்தா கிழவி. வையல, அடிக்கல. கருகுன நெல்ல ஒரு கை அள்ளி அவன் வாயில திணிச்சா. திணிச்சிட்டு அங்கேயே உக்காந்துட்டா. 'நா அன்னிக்கே செத்தவன் பாய், அவ போட்டதே போதும்'பான்."

பின்னால் நின்றவர்கள் "என்னாவாம்? என்னா சொல்றாரு பாய்?" என்று கழுத்தை நீட்டினார்கள். அம்சம் திரும்பி நின்று சொன்னாள். கிழவி நெல்லை அள்ளிய இடத்தில் நிறுத்திவிட்டாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"இத்தன வருசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தோமே, எங்கிட்ட சொல்லலியே பாய்?" என்றான் உத்திராபதி.

"நீ நெல்லறுத்து வயிறு கழுவுறவன். உங்கிட்ட எப்படிச் சொல்லுவான்?"

உத்திராபதி கையிலிருந்ததை முறத்தில் கொட்டினான். துண்டை நனைத்து அப்பனின் உதட்டைத் துடைத்துவிட்டு, "தூக்குங்க" என்றான்.

"சாவுக்கு எடுத்த அரிசி, வீட்டுக்குத் திரும்பக் கூடாதேய்யா" என்றாள் நாகம்மாள்.

"உலையில போடு. புள்ளைங்க திங்கட்டும்."

மறுநாள் கீழ்வேளூர் டீக்கடையில், மிராசுதாரின் கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா உத்திராபதி, கொடி புடிச்சா அப்பனுக்கு வாய்க்கரிசிகூடக் கெடைக்காது போலருக்கே?" என்றார். உத்திராபதி டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் அம்சம்.

"என்னான்னு? எங்கப்பன் நெல்லுப்போரக் கொளுத்துனாருன்னா? நாளைக்கு எவன் போரு பத்துனாலும் போலீசு நேரா இங்கதான் வரும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அரிசியில்லாமப் போனாருன்னே இருக்கட்டும், தாயி."